பாரமான சன்னம், மெல்லிய உதை: மாமா சொல்வது சரியா?

உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்கும் மாணவர் ஒருவரின் கேள்வி இது: "சேர், ரொறன்ரோவில் இருக்கிற என் மாமா றிவோல்வர் சுடும் கழகம் ஒன்றில் அங்கத்தவர். தோட்டாவையும் வீட்டில் தானே நிரப்புகிறார். பாரமான சன்னத்தைப் போட்டு மெதுவாக அனுப்பினால் கையில் உதை குறைவு என்கிறார். உந்தக் காப்பின்படி சன்னத்தின் திணிவு கூடினால் பின்னுதைப்பும் கூடத்தானே வேண்டும்? யார் சரி?"

தம்பி, இரண்டு பேரும் சரிதான். நீர் வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறீர். மாமா உந்தத்தை மாறாமல் வைத்துக்கொண்டு சுடுகிறார். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். ஆனால் மாமா தன் அனுபவத்துக்குச் சொல்லும் காரணம் முழுக்கச் சரியா என்பது வேறு கதை. அதையும் பார்ப்போம்.

சன்னம் என்பது குழலால் பறந்து போகும் உலோகத் துண்டு. அதையும் மருந்தையும் பித்தளைக் கோதுக்குள் அடைத்தால் அது தோட்டா. இனி அலகுகள். துப்பாக்கிக்காரர் சன்னத்தையும் மருந்தையும் கிரெயினில்தான் நிறுப்பார்கள். ஒரு இறாத்தலுக்கு 7000 கிரெயின், அதாவது ஒரு கிரெயின் 0.0648 கிராம். மாமா சுடுவது .38 ஸ்பெஷல் என்று எடுத்துக்கொள்வோம். றிவோல்வர் தோட்டாக்களில் மிகப் பரவலான வகைகளில் ஒன்று அது. அதற்கு வழமையான பாரமான சன்னம் 158 கிரெயின், ஏறத்தாழ 10.2 கிராம். இலேசான சன்னம் 125 கிரெயின், 8.1 கிராம்.

இரண்டையும் ஒரே வேகத்தில் அனுப்பினால் பாரமானதுதான் கூட உதைக்கும். அதில் உமது விடை சரி, முழுப் புள்ளியும் தரலாம். ஆனால் போட்டிக்குச் சுடுபவர் வேகத்தை மட்டும் இலக்காக வைத்துத் தோட்டா நிரப்புவதில்லை. அமெரிக்காவின் யூ.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற சுடும் சங்கத்தின் போட்டிகளில் 'பவர் ஃபாக்ரர்' என்று ஒன்று உண்டு. சன்னத்தின் கிரெயினை, செக்கனுக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். குறைந்த பிரிவுக்கே அது 125 ஆவது வர வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி இல்லை. பெருக்குவது திணிவையும் வேகத்தையும். அப்படியென்றால் அது வேறு அலகில் எழுதிய உந்தம்தானே? இரும்புத் தகட்டைச் சுட்டு விழுத்துகிற போட்டியிலும் தகட்டைத் தள்ளுவது சன்னம் கொண்டுபோகும் உந்தம்தான். ஆக, சுடுபவருக்கு ஒரு குறிப்பிட்ட உந்தம் கட்டாயம் வேண்டும். அதைப் பாரமான சன்னத்தால் மெதுவாக எடுப்பதா, இலேசான சன்னத்தால் விரைவாக எடுப்பதா என்பதுதான் அவருடைய கேள்வி.

இனிக் கணக்கு. 10.2 கிராம் சன்னம் செக்கனுக்கு 244 மீற்றரில் போனால் உந்தம் 2.49 கிலோகிராம் மீற்றர்/செக்கன். 8.1 கிராம் சன்னம் அதே உந்தத்துக்கு 308 மீற்றரில் போக வேண்டும். அவர்களுடைய பவர் ஃபாக்ரரில் இரண்டுமே 126க்குச் சற்று மேலே வரும். இந்த இடத்தில் எல்லாரும் "உந்தம் சமன், ஆகவே உதையும் சமன்" என்று முடித்துவிடுவார்கள். இயக்கசக்தியையும் ஒருக்கால் போட்டுப் பாரும். பாரமானதுக்கு 304 யூல், இலேசானதுக்கு 384 யூல். உந்தம் ஒன்றாக இருந்தும் இலேசான சன்னத்துக்கு 80 யூல் கூடத் தேவைப்படுகிறது, ஏனென்றால் சக்தியில் வேகம் வர்க்கமாக வருகிறது. அந்த 80 யூல் எங்கிருந்து வரும்? வெடிமருந்திலிருந்துதான். அதற்கு மருந்தைக் கூட்டிப் போட வேண்டும்.

போட்ட மருந்து எரிந்து மறைந்து போவதில்லை. அதே திணிவு வாயுவாகிச் சன்னத்துக்குப் பின்னால் குழல் வாயால் வெளியேறுகிறது, அதுவும் சன்னத்தைவிட வேகமாக. கைத்துப்பாக்கிகளுக்கு வழக்கத்தில் உள்ள அண்ணளவு, வாயுவின் வேகம் சன்னத்தின் வேகத்தைப்போல் ஒன்றரை மடங்கு என்பது. உமது உந்தச் சமன்பாட்டில் விடுபட்ட உறுப்பு இதுதான். கணக்குக்காக மட்டும், பாரமான சன்னத்துக்குப் பின்னால் 0.25 கிராம், இலேசானதுக்குப் பின்னால் 0.40 கிராம் என்று வைப்போம். வாயுவின் உந்தம் முதலாவதில் 0.09, இரண்டாவதில் 0.18. கூட்டினால் 2.58, 2.68. துப்பாக்கி ஒரு கிலோ என்றால் அது பின்னே வரும் சக்தி 3.33 யூலும் 3.59 யூலும். நூற்றுக்கு எட்டு வித்தியாசம். மாமா சொன்ன திசை சரி. ஆனால் எட்டு வீதம் என்பது அவர் நினைக்கிற அளவுக்குப் பெரிய இறக்கம் இல்லை.

அப்போ அவர் கைக்கு ஏன் அவ்வளவு வித்தியாசமாகத் தெரிகிறது? "பாரமான சன்னம் மெதுவாகத் தள்ளும், இலேசானது வெடுக்கென்று அடிக்கும்" என்று சுடுபவர்கள் சொல்வார்கள். பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுத்தால் நேரம் கூடி விசை குறைகிறதே, அதே கணத்தாக்கு விளக்கத்தை இதற்கும் பொருத்துவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குழல் நான்கு அங்குலம், 10 சென்ரிமீற்றர் என்று வையும். சராசரி வேகம் வாய் வேகத்தில் பாதி என்று எடுத்தால் பாரமான சன்னம் குழலில் இருக்கும் நேரம் 0.8 மில்லிசெக்கன், இலேசானதுக்கு 0.65. இந்த வித்தியாசத்தை எந்தக் கையும் உணராது. சன்னம் வெளியே போய் வெகு நேரத்துக்குப் பிறகுதான் துப்பாக்கியைக் கை நிறுத்துகிறது. 2.58 மீற்றர்/செக்கனில் பின்னே வரும் துப்பாக்கியை 5 சென்ரிமீற்றருக்குள் நிறுத்தினால் அதற்குப் போகும் நேரம் கிட்டத்தட்ட 40 மில்லிசெக்கன். கை உணர்வது இதைத்தான்.

உண்மையான காரணம் பெரும்பாலும் வாயுவும் சத்தமும் என்பதே என் முடிவு. கூடுதல் மருந்து கூடுதல் அமுக்கத்தோடு குழல் வாயில் திறபடும்போது எழும் வெடிப்பு முகத்திலும் காதிலும் அடிக்கும். மூளை அதையும் உதையோடு சேர்த்தே கணக்கில் எடுக்கும். வேகம் இன்னும் கூடி ஒலியின் வேகத்தைத் தாண்டினால் சன்னமே தனியாக ஒரு சாட்டைச் சத்தம் போடும். 30 பாகை வெப்பத்தில் ஒலி செக்கனுக்கு 349 மீற்றர் போகும், ரொறன்ரோவின் மாரியில் -10 பாகையில் 325 மீற்றர்தான். மாமாவின் மெதுவான சன்னம் இரண்டுக்கும் நன்றாகக் கீழே நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வயதுக்காரருக்கு இந்த இரண்டு சத்தங்களையும் பிரித்தறியப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. தலைக்கு மேலால் போகும் 'படீர்' ஒன்று, தூரத்தில் துப்பாக்கி போடும் 'டும்' ஒன்று. உம்முடைய வயதுப் பிள்ளைகள் அதைக் கணக்காக மட்டும் படிக்கிறது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

மாமாவின் மணிக்கட்டு நோகிறது என்பதுதான் பிரச்சினை என்றால் சன்னத்தை மாற்றுவதற்கு முன் துப்பாக்கியின் நிறையைப் பார்க்கச் சொல்லும். பின்னுதைப்புச் சக்தி உந்தத்தின் வர்க்கத்தைத் துப்பாக்கித் திணிவின் இரட்டிப்பால் வகுத்து வருவது. அதே 2.58 உந்தம், ஒரு கிலோ றிவோல்வரில் 3.33 யூல். சட்டைப்பையில் வைக்கிற 450 கிராம் சின்ன றிவோல்வரில் 7.4 யூல். முன்பு சொன்ன 5 சென்ரிமீற்றருக்குள் நிறுத்த முதலாவதுக்குச் சராசரி 67 நியூற்றன், இரண்டாவதுக்கு 148 நியூற்றன். இதற்குப் பக்கத்தில் அந்த எட்டு வீதத்தை வைத்துப் பாரும். பிடியும் அப்படித்தான். குழலின் அச்சு கைக்கு மேலே இருப்பதால் உதை நேரே பின்னே வராமல் ஒரு திருப்பத்தை உண்டாக்கித் துப்பாக்கியின் மூக்கை மேலே தூக்கும். பிடியை எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறாரோ அவ்வளவுக்கு அந்தத் தூரம் குறையும். நடுவிரல் மூட்டில் இடிக்காத, உள்ளங்கையை நிரப்பும் றப்பர் பிடி ஒன்று போட்டாலே பாதி நோவு போய்விடும்.

பாரமான சன்னம், மெல்லிய உதை என்பது உமது மாமா கண்டுபிடித்த யோசனையும் இல்லை. முதலாம் உலகப் போரில் பிரித்தானியப் படை வைத்திருந்த .455 வெப்லி றிவோல்வர் 17.2 கிராம் ஈயச் சன்னத்தைச் செக்கனுக்கு ஏறத்தாழ 183 மீற்றரில் அனுப்பும். உந்தம் 3.1. துப்பாக்கியும் பாரம், உதையும் பெரிது, புதிதாகச் சேர்ந்தவரைப் பழக்குவதற்கும் காலம் பிடித்தது. போர் முடிந்த பிறகு சிறிய .38 ஒன்றைத் தேடினார்கள். அப்போது சன்னத்தின் குறுக்களவைக் குறைத்தாலும் திணிவைப் பெரிதாகக் குறைக்கவில்லை. 200 கிரெயின், அதாவது 13 கிராம் ஈயத்தை ஏறத்தாழ 190 மீற்றர்/செக்கனில் அனுப்பினார்கள். உந்தம் 2.5, முன்னையதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. 1932இல் என்ஃபீல்ட் நம்பர் 2 றிவோல்வர் அந்தத் தோட்டாவோடுதான் சேவைக்கு வந்தது. பிறகு வெறும் ஈயச் சன்னம், உடம்புக்குள் விரியும் சன்னங்களைத் தடைசெய்த 1899 ஹேக் பிரகடனத்தோடு முரண்படுமோ என்ற பயத்தில் உறை போட்ட 178 கிரெயின் சன்னத்துக்கு மாறினார்கள்.

இனித் தோட்டா நிரப்புகிற மேசைக்கு வருவோம், ஏனென்றால் மாமாவின் வேலையில் உண்மையான பௌதிகம் அங்கேதான் கிடக்கிறது. ஆபத்தும் அங்கேதான். எந்த மருந்து, எத்தனை கிரெயின் என்று நான் எழுதப்போவதில்லை. அதை மருந்து செய்யும் கம்பனி வெளியிடுகிற அட்டவணையில், அதே சன்னத்துக்கு, அதே நிறைக்குப் பார்த்து, தொடக்க அளவிலிருந்து போக வேண்டும். வேறு யாருடைய வாய்ச் சொல்லிலும் தோட்டா நிரப்பக் கூடாது, என்னுடையதிலும்தான். கிட்டத்தட்ட ஒரேமாதிரி இருக்கிறது என்று இலேசான சன்னத்தின் அளவைப் பாரமானதுக்குப் போடுவது மிகக் கெட்ட பிழை. பாரமான சன்னம் நீளம் கூடியது, கோதுக்குள் ஆழமாக இறங்கும். மருந்துக்கு மிஞ்சும் இடம் சுருங்கும். அதோடு சன்னம் நகரவும் பிந்தும். இரண்டும் சேர்ந்து அமுக்கத்தை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

.38 ஸ்பெஷல் 1890களின் கடைசியில் கறுப்பு மருந்தை அடைத்துச் சுடுவதற்காக வந்தது. அதனால்தான் கோது அவ்வளவு நீளம். இன்றைய புகையில்லா மருந்தில், அதுவும் மெல்லிய உதைக்கான அளவில், கோதின் அடியில் ஒரு படலம் மாதிரித்தான் மருந்து கிடக்கும். ரொறன்ரோவில் உறவினர் ஒருவரின் வீட்டுப் பேஸ்மன்றில் இதைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். துளை போட்ட மரத்தட்டில் பித்தளைக் கோதுகள் வரிசையாக நிற்கும். மருந்து போட்டு முடிந்ததும், சன்னத்தை வைப்பதற்கு முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் ரோர்ச் அடித்துப் பார்ப்பார். சாம்பல் நிறச் செதில்கள் எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்றில் மட்டம் உயர்ந்திருந்தால் அது இரண்டு தரம் மருந்து விழுந்த கோது. இவ்வளவு சிறிய அளவில் இரண்டு தரம் போட்டாலும் வழியாது, கோதும் எடுத்துச் சொல்லாது. மருந்து கூடிய பெரிய தோட்டாவில் வெளியே வழிந்து காட்டிக்கொடுக்கும் பிழை, மெல்லிய தோட்டாவில் ஒளிந்துகொள்ளும். உதை குறைந்த தோட்டா என்பதால் ஆபத்தும் குறைவு என்று நினைக்க வேண்டாம்.

இடம் மிஞ்சுவதால் இன்னொரு சிக்கலும் வரும். மூக்கைக் கீழே சாய்த்துவிட்டு உயர்த்திச் சுட்டால் மருந்து சன்னத்தோடு ஒட்டிக் கிடக்கும். மேலே சாய்த்துவிட்டு இறக்கிச் சுட்டால் அடியில், தீ மூட்டும் பிறைமருக்குப் பக்கத்தில் கிடக்கும். அதே தோட்டா, ஆனால் வேகம் வேறு. இதில்தான் பாரமான சன்னம் உண்மையில் கை கொடுக்கிறது. அது ஆழமாக இறங்குவதால் வெற்றிடம் குறைகிறது. சடத்துவம் கூட என்பதால் உடனே விலகாமல் நிற்கிறது, அமுக்கம் ஒழுங்காக ஏறுகிறது, மருந்து சீராக எரிகிறது. சின்ன அளவு மருந்தோடு இலேசான சன்னத்தை வைத்தால் கரியும் எரியாத செதிலும் மிஞ்சும், வேகமும் தோட்டாவுக்குத் தோட்டா ஆடும். மெல்லிய உதைக்குப் பாரமான சன்னத்தைத் தேர்வதற்கு என்னைக் கேட்டால் இதுதான் முதல் நியாயம். அந்த எட்டு வீதம் இரண்டாவது.

சுட்டால் சன்னம் இலக்கில் எங்கே படும் என்பதும் மாறும். மாமாவின் றிவோல்வரைப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பச் சொல்லும். குறி பார்ப்பதற்காகத் துப்பாக்கியின் மேலே உள்ள முன் குறியின் நுனியையும் பின் குறியின் நுனியையும் தொட்டு அடிமட்டத்தால் ஒரு கோடு கீறும், பிறகு குழலின் நடுவால் இன்னொன்று. குழல்கோடு முன்னே போகப் போகக் கீழே சரிவதைக் காண்பீர். கவனமாக நேர்வைத்துப் பிடித்தாலும் குழல் இலக்குக்குக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. சன்னம் குழலுக்குள் ஓடும் அந்த ஒரு மில்லிசெக்கனுக்குள்ளேயே மூக்கு தூக்கத் தொடங்குகிறது, வெளியேறும் கணத்தில் சரியான இடத்துக்கு வருகிறது. கை உணராத 0.15 மில்லிசெக்கனை இலக்கு உணரும் என்பது இங்கேதான். மெதுவான சன்னம் கூட நேரம் உள்ளே நிற்பதால் உயர்ந்த பிறகு வெளியேறும், கடதாசியில் மேலே படும். விரைவானது கீழே படும். பாரமானது கீழேதானே விழ வேண்டும் என்று பலர் இதில் தடுமாறுவார்கள். கிட்டத் தூரத்தில் புவியீர்ப்பு இழுப்பதைவிட மூக்கு தூக்குவதே பெரிது. குறி அசைக்க முடியாத பழைய .38கள் பெரும்பாலும் 158 கிரெயினுக்கு இசைத்துச் செய்யப்பட்டவை. ஆகவே அதில் மாமாவுக்குத் தொல்லை குறைவு.

நியூற்றனின் முதலாம் விதிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது என்று நான் நினைப்பது இன்னொன்று. ஒரு தோட்டா வெடிக்கும்போது உருளையில் மிச்சமுள்ள ஐந்து தோட்டாக்களையும் துப்பாக்கி பின்னுக்கு வெட்டி இழுக்கிறது. கோது அதன் விளிம்பில் பிடிபட்டுத் துப்பாக்கியோடு போகிறது. சன்னம் இருந்த இடத்தில் இருக்கப் பார்க்கிறது. விளைவு, கோதிலிருந்து சன்னம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே கழன்று வருகிறது. உருளையின் முகத்துக்கு வெளியே நீட்டிவிட்டால் உருளை சுற்றாது, துப்பாக்கி இறுகிவிடும். சன்னம் பாரமென்றால் சடத்துவம் கூட, துப்பாக்கி இலேசென்றால் ஆர்முடுகலும் கூட. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இது அடிக்கடி நடக்கும். அதற்காகத்தான் கோதின் வாயைச் சன்னத்தில் உள்ள பள்ளத்துக்குள் இறுக்கி மடிப்பார்கள். மடிப்பு போதுமா என்று பார்க்க வழி ஒன்று உண்டு. உருளையை நிரப்பி, ஒன்றை விட்டு மற்றவற்றைச் சுட்டு, அந்த ஒன்றின் நீளத்தை முன்னும் பின்னும் வேணியர் இடுக்கிமானியால் அளப்பது. உமது ஆய்வுகூடத்தில் கிடக்கும் அதே கருவிதான்.

உம்மிடம் ஒரு வார்த்தை, இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். மாமா செய்வது அங்கே உரிமத்தோடு செய்கிற காரியம். கனடாவிலும் 2022 ஒக்டோபரோடு கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் நிறுத்திவிட்டார்கள், முன்பே பதிந்து வைத்திருப்பவர் தொடரலாம். இங்கே இலங்கையில் 1916ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டம் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. வீட்டில் தோட்டா நிரப்புவது பொழுதுபோக்கு இல்லை, குற்றம். அதோடு, முகமாலைப் பக்கம் எவ்வளவு காலமாக நிலத்தைத் தோண்டிக் கண்ணிவெடி எடுக்கிறார்கள் என்று உமக்கே தெரியும். தோட்டத்திலோ பற்றைக்குள்ளோ பழைய ரவை ஒன்று கண்டால், நிறுத்துப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம் என்று கை வைக்கக் கூடாது. இடத்தை அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்ல வேண்டும். பின்னுதைப்பைச் செய்து பார்க்க ஆசையென்றால் இரண்டு ட்றொலிக்கு நடுவில் அமுக்கிய வில் ஒன்றை வைத்து விடும். திணிவை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தால் உந்தம் சமனாகப் பிரிவதும், சக்தி சமனாகப் பிரியாததும் மேசையிலேயே தெரியும்.

பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் வாயுவின் திணிவு தரப்படாதவிடத்து அதை விட்டுவிடும். தந்திருந்தால் மூன்றாவது உறுப்பாகச் சேரும்.

மாமாவுக்குக் கடைசியாக ஒன்று, அவருக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்லிவிடும். மெல்லிய தோட்டாவை இன்னும் இன்னும் மெல்லியதாக்கிக்கொண்டு போனால் ஒரு கட்டத்தில் சன்னம் குழலை விட்டு வெளியேறாமல் நடுவில் இறுகிவிடும். றிவோல்வரில் உருளைக்கும் குழலுக்கும் நடுவில் உள்ள இடைவெளியால் வாயு கசிவதால் அது இன்னும் இலகுவாக நடக்கும். செப்பு உறை போட்ட சன்னத்துக்கு உராய்வு கூட, ஆகவே மெல்லிய தோட்டாவுக்கு ஈயம்தான் நல்லது. மெதுவாக எரியும் மக்னம் மருந்துகள் சிலவற்றைக் குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழே குறைக்கவே கூடாது. சுடும்போது சத்தமோ உதையோ வழமையைவிட மந்தமாக இருந்தால் அடுத்த தோட்டாவை அழுத்தாமல் விரலை எடுத்துவிட வேண்டும். மூக்கை இலக்குப் பக்கமே வைத்து அரை நிமிடம் பொறுத்து, உருளையைத் திறந்து எல்லாத் தோட்டாவையும் கொட்டி, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பின்பக்கத்தால் பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு, துப்பாக்கியைக் கழகத்தில் அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும். அடைத்த குழலுக்குள் இரண்டாவது சன்னம் போனால் குழல் வீங்கும், அல்லது வெடிக்கும்.